முனிரத்தினம் விட்ட இரண்டு விரல் இடைவெளி

சென்ற வாரம் ஒரு காலை, அரக்கோணம் ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்காக நின்றிருந்தபோது சேகர் தொலைபேசியில் கூப்பிட்டார். திருத்தணி மெக்கானிக் முனிரத்தினத்தின் மனைவிக்குத் தம்பி அவர்; அக்கா கணவரைப் பாவா என்றுதான் சொல்வார். "சார், பாவா இறந்துட்டாரு. காபி குடிச்சிட்டு சேர்ல சாஞ்சாரு. அவ்ளோதான்" என்றார். நான் ஏற வேண்டிய வண்டி வந்தது, நின்றது, போனது. எதிர் நடைமேடைக்குப் போய்த் திருத்தணி வண்டியில் ஏறினேன்.

சித்தூர் சாலையில் பெயர்ப்பலகை இல்லாத அந்தத் தகரக் கொட்டகையை இந்தப் பத்திரிகை படிக்கும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே வண்டியை விட்டுவிட்டு, எப்போது முடியும் என்று கேட்டுக் கேட்டு அலுத்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். முனிரத்தினம் வேகமான மெக்கானிக் அல்லர். வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது தொலைபேசியை எடுக்க மாட்டார். யார் வந்து கத்தினாலும் ஒரு வண்டியை அரைகுறையாகத் தூக்கி நிறுத்திவிட்டு அடுத்த வண்டிக்குப் போக மாட்டார். "ஜாக்கி தூக்கறதுக்கு. தாங்கறதுக்கு இல்ல" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லிக் கேட்காத வாகன ஓட்டி எங்கள் ஊரில் குறைவு.

அவர் எப்படிப்பட்டவர் என்பதை நான் அறிந்தது பொதட்டூர்பேட்டையில். என் காரில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனேன். விசைத்தறிகள் ஓடும் ஒரு தெருவில் திடீரென்று நிறுத்தச் சொன்னார். ஒரு வீட்டு வாசலில் நான்கு சக்கரமும் இல்லாத கார் ஒன்று நின்றிருந்தது. சக்கரங்களை வர்ணம் பூசக் கொடுத்திருக்கிறார்கள். கார் நான்கு சிமெண்ட் ஹாலோ பிளாக் கற்களின் மேல் இருந்தது. அதற்கு அடியிலிருந்து ஓர் ஆளின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

முனிரத்தினம் இறங்கிப் போய் அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"நைனா, கொஞ்சம் வெளிய வந்து பேசறியா?"

"யாரு?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"வெளிய வந்தா சொல்றேன்."

"வண்டி விக்கறதுக்கு இல்லீங்க."

"நானும் வாங்கறதுக்கு வரல. நீ வெளிய வா, அது போதும்."

நெசவு செய்யும் நடுவயதுக்காரர் ஒருவர் புழுதியோடும் கோபத்தோடும் வெளியே வந்தார். முனிரத்தினம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை. அங்கே மீதமாகக் கிடந்த ஒரு கல்லை எடுத்து வைத்து, ஸ்பேனரால் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினார். ஒரு மூலை பொலபொலவென்று உதிர்ந்தது. "கல்லு சொல்லாம உடையும் நைனா. கட்டை கத்திட்டுதான் உடையும். வீட்டுல மரக்கட்டை எதாச்சும் கீதா?" என்று கேட்டார். கொல்லையிலிருந்து கனத்த மரத்துண்டுகள் வந்தன. நான்கு கற்களையும் எடுத்துவிட்டு மரத்தைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி முடிக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. என் காரில் கேட்ட சத்தத்தைப் பார்ப்பதற்கு அன்று நேரமில்லை.

அந்தச் சம்பவம் நடந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு என் காரின் சக்கரங்களும் கெட்டன. அலாய் சக்கரங்கள், ஓரம் அரித்து, இரண்டு வளைந்துபோயிருந்தன. நெளிவெடுத்து, பழைய பூச்சைச் சுரண்டிப் புதிதாகப் பூச, ஸ்டெப்னியோடு ஐந்தையும் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கொட்டகையில் இடமில்லாததால் காரை என் வீட்டு முன்வாசலிலேயே நிறுத்துவதென்று முடிவானது. மலையடிவாரத்துச் சரவணப் பொய்கைக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் வீடு. ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரத்திற்கு முன்பே சக்கரங்கள் திரும்பிவிடும் என்று பூச்சுக்காரர் சொல்லியிருந்தார்.

காரை நிறுத்த முனிரத்தினம் ஒரு முழுக் காலைப்பொழுதை எடுத்துக்கொண்டார். முதலில் தரையில் தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். ஒரு சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். ஒவ்வொரு மூலையாக ஜாக்கியில் தூக்கி, காரின் அடியில் கனத்த இடம் பார்த்து இரும்பு ஸ்டாண்டை வைத்து இறக்கினார். நான்கும் முடிந்ததும் இடுப்பால் காரை ஒரு பக்கத்திலிருந்து இடித்தார். அசையவில்லை. என்னையும் இடிக்கச் சொன்னார்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் மொபெட்டிலிருந்து கனமான மரக்கட்டைகளை இறக்கினார். அரக்கோணத்தில் வாங்கிய பழைய ரயில்பாதைக் கட்டைகளை அறுத்த துண்டுகள் அவை. ஒவ்வொரு ஸ்டாண்டுக்குப் பக்கத்திலும் அவற்றை அடுக்கினார். காரைத் தொடும்வரை அடுக்கவில்லை. இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டார்.

"ஸ்டாண்டே தாங்குதே, இது எதுக்கு?" என்றேன்.

"எதுவா இருந்தாலும் விழலாம் சார். விழறதுக்குத் தூரம் இருக்கக் கூடாது."

என் மனைவி கோமதி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "முனிரத்தினம், எங்க கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டப்போகூட இவ்ளோ நேரம் ஆவல" என்றாள்.

"அது நின்னுகினு கீதில்ல அக்கா, இன்னும்?" என்றார் அவர்.

போகும்போது காரைச் சுற்றி ஒரு நூல்கயிறு கட்டி, அதில் சிவப்புத் துணிகளைத் தொங்கவிட்டார். சக்கரம் வரும்வரை யாரும் அந்தக் கயிற்றைத் தாண்டக் கூடாது என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். நானும் இரண்டு முறை சரி என்றேன்.

சக்கரங்கள் சொன்ன நாளில் வரவில்லை. கிருத்திகை வந்துவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து காவடி எடுத்து வருபவர்களுக்கு நீர்மோர் கொடுப்போம். சாமியானா என் வீட்டு வாசலில்தான் போடுவது. அன்று காலை சாமியானாவின் மூன்று மூலைகளைக் கட்டிவிட்டோம். நான்காவது மூலைக்குக் கம்பம் இல்லை. நான் சிவப்புத் துணிக் கயிற்றை அவிழ்த்தேன். சாமியானாவின் கயிற்றை இழுத்துக் காரின் முன்பக்க இழுவைக் கொக்கியில் கட்டினேன். ஒரு டன் எடையுள்ள வண்டி எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன். நினைத்ததைப் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

நூல்கயிறு போனதும் காருக்கு அடியில் இருந்த நிழல் எல்லார் கண்ணிலும் பட்டது. வாசலில் அதைவிடக் குளிர்ச்சியான இடம் வேறில்லை. மோர்ப் பானைகளை அங்கே தள்ளி வைத்தார்கள். மஞ்சள் உடையும் பூக்காவடியுமாகக் கூட்டம் வந்துகொண்டேயிருந்தது. முதல் பானை தீர்ந்ததும், அடுத்ததை இழுக்கக் கோமதி தரையில் ஒருக்களித்துப் படுத்துத் தோள்வரை வலது கையை உள்ளே விட்டாள்.

அப்போது ஆடிக்காற்று ஒரு சுழற்று சுழற்றிச் சாமியானாவைத் தூக்கியது. கயிறு விறைத்து நின்றது. காரின் முன்பக்கம் அசைந்தது. ஒரு ஸ்டாண்ட் சாய்வதை நான் பார்த்தேன். பிறகு மரத்தில் இரும்பு அமர்கிற கனத்த சத்தம் ஒன்று கேட்டது. கார் இரண்டு விரல் இறங்கி, கட்டைமேல் நின்றது.

கோமதி கையை வெளியே எடுத்தாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. பானைகூட உடையவில்லை. தெருக்காரர்கள் நான்கு பேர் கயிற்றை அவிழ்க்க ஓடினார்கள். அவள்தான் தரையில் உட்கார்ந்தபடியே, "எதையும் தொடாதீங்க. மொதல்ல முனிரத்தினத்தக் கூப்பிடுங்க" என்றாள். எனக்கு அது தோன்றவில்லை.

முனிரத்தினம் அன்று காவடி எடுத்திருந்தார். சேகர்தான் தொலைபேசியை எடுத்து அவர் காதில் வைத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அக்கா வெளிய வந்துட்டாங்களா?"

"வந்துட்டா."

"கயிறு?"

"அப்படியே இருக்கு."

"ஆங். அப்படியே இருக்கட்டும். திடீர்னு அவுத்தா வண்டி திரும்பி ஆடும். எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க. வந்துகினு இருக்கேன்."

காவடியைச் சேகரின் தோளுக்கு மாற்றிவிட்டு, மஞ்சள் வேட்டியோடு, வெறுங்காலோடு கூட்டத்தை எதிர்த்து வந்தார். கோமதியின் கையைப் பார்த்தார். பிறகு தரையில் கன்னம் படக் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வெளியிலிருந்தபடியே ஒரு கம்பால் இடைவெளிகளில் மர ஆப்புகளைத் தள்ளி எல்லாக் கட்டைகளையும் காரோடு இறுக்கினார். அதன் பிறகுதான் நிமிர்ந்து, கயிற்றைக் காட்டி, "கட்டினவரே அவுக்கட்டும். மெதுவா" என்றார். யார் கட்டியது என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

காரை மறுபடி தூக்கி, ஸ்டாண்டை நேராக வைத்து, பழையபடி இடுப்பால் இடித்துப் பார்த்தார். கோமதி ஒரு குவளை மோர் கொடுத்தாள். "சாமிக்குப் போற வழியில உங்கள இழுத்துட்டோம்" என்றாள். "முருகன் மலையிலயேதான் இருப்பாரு அக்கா. உங்க வண்டி அப்படி நிக்காது" என்று சொல்லிவிட்டு, சிவப்புத் துணிகளைத் தன் கையாலேயே திரும்பக் கட்டி, மலைப்பக்கம் நடந்தார்.

அடுத்த வாரம் எங்கள் பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினேன். சக்கரமில்லாத காரை எப்படி நிறுத்துவது, ஹாலோ பிளாக் ஏன் கூடாது, கட்டைக்கும் காருக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி விடுவது எல்லாம் அதில் இருந்தன. விழா நாளில் ஒரு வீட்டில் யாரோ சாமியானாக் கயிற்றைக் காரில் கட்டிவிட்டதாகவும், ஒரு பெண் உயிர் தப்பியதாகவும் எழுதியிருந்தேன். முனிரத்தினம் அதை வரி விடாமல் படித்திருந்தார். கொட்டகைக்குப் போனபோது பத்திரிகை அவர் மேசையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"எல்லாம் சரியா கீது சார். யாரு கட்டினாங்கன்னு மட்டும் இல்லையே."

"அது அவசியமில்லைன்னு விட்டுட்டேன்" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஸ்டாண்ட் யாரு வெச்சதுன்னு யார் கேட்டாலும், நான் வெச்சேன்னு சொல்லுவேன். அத சொல்லலன்னா எனக்கு இந்த வேலை வேணாம்." பத்திரிகையை என் பக்கம் நகர்த்தி, "என்மேலயும் தப்பு கீது. கிருத்திகைக்கு உங்க வாசல்ல பந்தல் போடுவாங்கன்னு எனக்குத் தெரியும். வண்டிய வாசல்ல நிறுத்தியிருக்கவே கூடாது. வண்டிய பாத்தேன், ஜனத்தப் பாக்கல. அதையும் எழுதுங்க. என் பேரு போட்டே எழுதுங்க" என்றார்.

எழுதவில்லை. அடுத்த வாரம் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு அது பழைய செய்தியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. நான் வண்டி விடும்போதெல்லாம் முன்பு போலவே பேசினார், முன்பு போலவே காக்கவைத்தார். ஊரில் யார் தவறையும் பெயர் போட்டு எழுதுகிற எனக்கு, ஒரு மெக்கானிக் தன் பெயரைத் தானே கொடுத்த பிறகும் என் பெயரை எழுதக் கை வரவில்லை.

சேகர் கூப்பிட்ட அன்று அரக்கோணத்திலிருந்து வந்து அவர் வீட்டுக்குப் போனேன். கோமதி எனக்கு முன்பே வந்து அவர் மனைவியின் அருகில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாவின் தோளைப் பற்றியிருந்தது அந்த வலது கைதான். அதைப் பார்த்தபடி நின்றிருந்தபோதுதான் இதை எழுதுவதென்று முடிவு செய்தேன்.

முனிரத்தினத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய எச்சரிக்கைகளை அல்ல. அவற்றை ஊரே வைத்திருக்கிறது. தன் தவறு சிறியதாக இருந்தபோதும் அதைத் தன் பெயரோடு கொடுத்தாரே, அதை வைத்துக்கொள்கிறேன். அந்தக் கட்டுரைக்கான திருத்தம் இது: கட்டைகளை அடுக்கியவர் முனிரத்தினம். காரை வாசலில் நிறுத்தியது தன் தவறு என்று சொன்னவரும் அவரே. கயிற்றைக் கட்டியவன் நான்.