பிரஸ்ஸல்ஸ் பையனுக்கு ஒரு வெண்பட்டு வேட்டி

நான் பின்னாளில் கல்லூரியில் சரித்திரம் பயின்று பட்டம் பெற்றவன் என்பதை என்னை அறிந்தோர் அறிவர். ஆனால் இங்கே கூறவிருக்கும் நிகழ்ச்சிக்கு முன்பே, பத்து வயதிலேயே, சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் எனக்கென்று ஒரு நிலை இருந்தது. ஐரோப்பாக் கண்டத்தின் தலைநகரங்களை மூச்சு விடாமல் ஒப்பிக்கக் கூடியவன் அத்தெருவில் நான் ஒருவனே. பள்ளியைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் அதைக் கேட்டு மகிழ்ந்து எனக்கு ஒரு பென்சிலைப் பரிசளித்தார். அதை நான் சீவவில்லை. சீவினால் இன்ஸ்பெக்டர் கொடுத்தது குறைந்துவிடும் என்பது என் எண்ணம்.

இதைவிடப் பெரிய மரியாதை ஒன்றும் எனக்கு உண்டு. எங்கள் தெருப் பஜனைக் கோயிலில் குழந்தைக் கண்ணனின் விக்கிரகம் ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் கிருஷ்ண ஜெயந்தியன்று அதற்குச் சாத்தும் சிறிய வெண்பட்டு வேட்டி என் தகப்பனாரின் தறியில்தான் நெய்யப்படும். அதைத் தாம்பாளத்தில் ஏந்தி, மேளம் முன்செல்லத் தெரு முழுவதும் நடந்து, கோயிலில் சேர்ப்பவன் மூத்த மகனாகிய நான். அன்று காலை மட்டும் பெரியவர்களும் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள்.

இந்த நிலையைக் குலைத்தவன் ஐந்து வயதுப் பையன் ஒருவன். எங்கள் தெருவிலேயே வளர்ந்த என் மாமன் மகன்.

மாமா, அதாவது என் தாயாரின் தம்பி, பெரிய சண்டைக்கு ஒரு துரையின் ஆர்டர்லியாகக் கப்பலேறியவர். சண்டை ஓய்ந்தபின் அந்தத் துரையுடன் பெல்ஜிய நாட்டின் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸில் சில காலம் தங்கிவிட்டு ஊர் திரும்பினார். அவர் கொண்டுவந்தவை ஒரு கம்பளிக் கோட்டும், ஒரு சாண் உயரப் பித்தளைப் பொம்மையும் மட்டுமே. பொம்மை, அம்மணமாக நின்று வயிற்றை முன்தள்ளிச் சிறுநீர் கழிக்கும் ஒரு குழந்தை.

"ஏண்டா, அத்தன தொலவு போயி இதத்தான் வாங்கியாந்தியா?" என்று என் தாயார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டார்.

"அக்கா, இவன் அந்த ஊருக்கே செல்லப்புள்ள. சந்து மூலையில நிறுத்தி வெச்சிருக்காங்க. தண்ணி வாரதே அவங்கிட்ட இருந்துதான். சனங்க கும்பல் கும்பலா வந்து பாக்கறாங்க."

அன்று முதல் தறிச் சத்தம் ஓய்ந்த மாலை வேளைகளில் தெரு முழுவதும் எங்கள் வாசலில் கூடலாயிற்று. முன்பு அந்நேரத்தில் தலைநகரங்களை ஒப்பிக்கச் சொல்லி என்னைத்தான் அழைப்பார்கள். இப்போது மாமா நடுவில் அமர்வார். அவர் மடியில் அவர் மகன் அமர்வான். அவன் மடியில் பொம்மை. பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸ்ஸல்ஸ் என்பது அவர்கள் யாவருக்கும் முன்பே எனக்குத் தெரியும். அதை ஒருவரும் நினைவில் வைத்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பையன் ஏன் அப்படி நிற்கிறான் என்பதற்கு மாமா மூன்று கதைகள் சொன்னார். பகைவர்கள் அந்த ஊரைக் கொளுத்த வெடிமருந்துக்குத் திரி பற்றவைத்தார்களாம். ஒரு பொடியன் அதன்மேல் சிறுநீர் கழித்து அணைத்துவிட்டானாம். பையன்களுக்குப் பிடித்த கதை இது. ஒரு சூனியக்காரியின் வாசலில் அவன் அசுத்தம் செய்ததால் அவள் அவனைக் கல்லாக்கிவிட்டாள் என்பது இரண்டாவது. மூன்றாவது கதையில், ஒரு தனவந்தரின் ஒரே மகன் திருவிழாக் கூட்டத்தில் காணாமற்போகிறான். ஊரெல்லாம் தேடிக் களைத்த தகப்பன், கடைசியில் ஒரு சந்து மூலையில், ஒன்றுமே நடவாதது போல் சிறுநீர் கழித்துக்கொண்டு நிற்கும் மகனைக் காண்கிறான். கண்ட கோலத்திலேயே சிலை வைக்கிறான்.

மூன்றாவது கதையின்போது வீட்டினுள்ளே ராட்டைச் சத்தம் நின்றது. என் சித்தி, சித்தப்பாவின் மனைவி, உள்ளே ஊடை எனும் குறுக்கிழைக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தார். நூல் அறுந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரே சிலைக்கு மூன்று வரலாறுகள் இருக்க முடியாது என்று நான் எழுந்து ஆட்சேபித்தேன்.

"ஏஞ்சாமி, நம்மூரு சாமிக்கெல்லாம் ஒத்தக் கதைதானா?" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். மாமன் மகனும் சிரித்தான். எதற்கென்று அவனுக்குத் தெரியாது.

உடுப்புகளைப் பற்றிய பேச்சு வந்தபோதுதான் விஷயம் முற்றியது. ஒரு ராஜாவின் சிப்பாய்கள் அந்தச் சிலையைத் திருடினார்களாம். ராஜா வெட்கப்பட்டு, சரிகைச் சட்டை ஒன்றும் பதக்கம் ஒன்றும் அளித்து, தன் சிப்பாய்கள் அவனுக்குச் சலாம் வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டானாம். அதிலிருந்து பலரும் உடுப்பு அனுப்புகிறார்களாம்.

"உடுப்பு மாத்தி உடறதுக்குன்னே சம்பளத்துக்கு ஆள் வெச்சிருக்காங்க. நல்ல நாள்ல தண்ணிக்குப் பதிலா சாராயங்கூட..." என்று தொடங்கிய மாமா, என் தகப்பனார் முகத்தைப் பார்த்து, "தீர்த்தங்கூட வரும்" என்று முடித்தார்.

தெருப் பெரியவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏனுங்க, துணி சாத்தறாங்க, சாத்தறதுக்கு ஆள் இருக்குது, நல்ல நாள்ல தீர்த்தம் வருது. அப்பறம் பொம்மைங்கறீங்க? கொழந்தச் சாமியில்லீங்களா அது?"

"வேட்டி ஏதாச்சும் போயிருக்குதுங்களா?" என்றார் மற்றொருவர்.

"கோட்டு, சட்டைதாங்க. வேட்டி ஒருத்தரும் குடுக்கலீங்க."

நெசவுத் தெருவில் சொல்லத் தகாத சொல் அது. உலகத்து ராஜாக்கள் துணி சாத்தும் குழந்தைக்கு வேட்டி ஒன்று இல்லை என்றால், சேலத்துத் தறிகள் எதற்கு? அவ்வாண்டு ஜெயந்திக்குக் கண்ணனின் வேட்டியோடு இன்னொரு வெண்பட்டு வேட்டியும் நெய்து, கண்ணன் பாதத்தில் வைத்து எடுத்து, துரை மூலம் பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்புவது என்று அங்கேயே முடிவாயிற்று.

அளவு என்ன? சிலை தம் முழங்காலுக்குச் சற்று மேலே வரும் என்றார் மாமா. பார்வைக்கு ரெண்டு வயசுப் பிள்ளை போல் இருப்பான் என்றும் சேர்த்துக்கொண்டார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து சித்தியின் குரல் கேட்டது. கணவனின் அண்ணனோடு நேரே பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஆகவே அவர் என் தாயாரிடம் சொன்னார்.

"அக்கா, ரெண்டு வயசுப் புள்ளைக்கு அளவு நாஞ் சொல்றேன்னு சொல்லுங்க."

ஒரு நூலை நீட்டி, இரு கைகளாலும் பிடித்து, கதவிடுக்கில் காட்டினார். அது மாமாவின் முழங்கால் கணக்குக்கு மிகவும் கூடுதல். நான் உடனே சுட்டிக்காட்டினேன். மாமாவும், "அத்தன ஒசரம் இருக்காதுங்க" என்று இழுத்தார். என் தகப்பனார் அந்த நூலை வாங்கி முடிச்சிட்டு மடியில் வைத்துக்கொண்டார். அளவில் மயிரிழை பிசகினாலும் தறியில் பூட்டிய பாவு நூலையே அறுத்துப் போடும் மனிதர், என் கணக்கைக் காதில் வாங்காதது எனக்குப் பெரிய அவமானமாகப் பட்டது.

இதற்கிடையில் மாமன் மகனின் புகழ் வளர்ந்துகொண்டே போயிற்று. தெருமூலைச் சாக்கடையோரம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு பொம்மையைப் போலவே நின்று காட்டுவான். பெண்கள் சிரித்து அவனுக்கு முறுக்குக் கொடுப்பார்கள். அதே காரியத்தை நான் செய்திருந்தால் முதுகுத்தோல் உரிந்திருக்கும். சித்தி மட்டும் சிரிப்பதில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் கால் கழுவிவிடுவார். எனக்கு ஒருநாளும் கழுவிவிட்டதில்லை. சித்தப்பாவுக்கும் ஒரு பிள்ளை இருந்தான். மாமன் மகன் பிறந்த மாதத்திலேயே பிறந்தவன். விஷக்காய்ச்சல் வந்த ஆண்டில், இரண்டு வயதில், போய்விட்டான். அதை வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசாததால் நானும் மறந்திருந்தேன்.

ஜெயந்தி அன்று இரண்டாவது தாம்பாளத்தை மாமன் மகன் கையில் கொடுக்க வேண்டும் என்று சித்தி என் தாயார் மூலம் சொல்லியனுப்பினார்.

"அவனுக்குப் பெல்ஜியம் எங்க இருக்குதுன்னே தெரியாதுங்க அப்பா" என்றேன்.

"தாம்பாளந் தூக்கறதுக்குப் பூகோளம் எதுக்குடா?" என்றார் தகப்பனார்.

அவன் மெல்ல நடப்பான் என்பதால் அவனை முன்னே விட்டு என்னைப் பின்னே நிறுத்தினார்கள். கண்ணனுக்கு உரிய வேட்டி பின்னால். ஏதோ ஒரு பித்தளைப் பையனுக்கு உரியது முன்னால். ஒதுங்கி வழிவிட்டவர்கள் அனைவரும் அவனுக்கே வழிவிட்டார்கள்.

கோயிலுக்குத் திரும்பும் சந்து மூலையில் அவன் நின்றான். "ஒண்ணுக்கு வருது" என்றான். தாம்பாளத்தைக் கீழே வைக்கக் கூடாது என்று நூறு முறை சொல்லிவைத்திருந்தார்கள். அதற்குக் கீழ்ப்படிந்து இரு கைகளாலும் அதைத் தலைக்கு மேல் உயர்த்தினான். அணிவித்திருந்த நீளச் சட்டையும் அதனோடு உயர்ந்தது. அப்படியே, ஒன்றுமே நடவாதது போல், வயிற்றைத் தள்ளிக்கொண்டு மூலையில் பொழிந்தான்.

மேளம் நின்றது.

"அடேங்கப்பா! பெல்ஜியத்துச் சாமி நேராவே வந்துருச்சுங்க!" என்று ஒரு குரல். தெருவே சிரிப்பில் குலுங்கியது.

சிரிப்பு அடங்கியதும் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். துணியில் ஒரு சொட்டும் படவில்லை. ஆயினும் ஏந்தியவன் அசுத்தமாகிவிட்டான். கண்ணன் பாதத்தில் இதை வைக்கலாகாது. வைக்காததை அனுப்பவும் ஆகாது. அப்போது சித்தி பெண்கள் கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். ஒருவரையும் கேட்கவில்லை. அவனுக்குக் கால் கழுவிவிட்டு, தாம்பாளத்திலிருந்த வேட்டியை எடுத்து அவன் இடுப்பில் சுற்றினார். அது முழங்காலுக்கு வெகு மேலேயே நின்றுவிட்டது. கீழே இழுத்துப் பார்த்தார். அவிழ்த்துத் திரும்பவும் கட்டிப் பார்த்தார்.

"இத்தன வளந்துட்டியா சாமி" என்றார். "இத்தன வளந்துட்டியா."

தினமும் கண்ணெதிரே திரியும் பையன் வளர்ந்திருப்பதில் என்ன வியப்பு என்று எனக்கு விளங்கவில்லை. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டது சிரித்த சிரிப்பினால் என்றே எண்ணினேன். சித்தப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். கண்ணனின் வேட்டியோடு நான் கை கடுக்க நின்றிருந்தேன். தெருவில் நின்று சிறுநீர் கழித்தவனுக்கு வெண்பட்டு கிடைத்தது. தலைநகரங்கள் அனைத்தும் அறிந்தவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று என் மனத்தில் இருந்தது இது ஒன்றே. மாமாவின் மூன்றாவது கதையில் தகப்பன் கண்ட காட்சி என் கண்ணெதிரே ஒரு தாய்க்கு நிகழ்ந்தது என்பதும், கதவிடுக்கில் நீட்டிய அந்த நூல் யாருடைய அளவு என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

என் மாமன் மகன் இப்போது ஜவுளி வியாபாரத்தில் பெயர் பெற்றவன். பெல்ஜியம் எத்திசையில் உள்ளது என்று இன்றும் அறியான். கல்யாணப் பந்திகளில் இந்நிகழ்ச்சியைச் சொல்லி, "எங்க மாமன் அளவு தெரியாம நெஞ்சுட்டாருங்க, அதனாலதான் வேட்டி கப்பலேறல" என்று முடிப்பது அவன் வழக்கம். கேட்போரும் நம்பிவிடுகிறார்கள்.

அது பிழை. என் தகப்பனாரின் தறியில் அளவு பிசகியதில்லை. அந்த வேட்டி இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்காக நெய்யப்பட்டது. அக்குழந்தைக்கு அது சரியான அளவே.