தொண்ணூற்றைந்தும் எண்பத்திரண்டும்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதன்முதலாகக் கார் வாங்கியது எங்கள் அத்தை. வாங்கியது ஆண்பிள்ளை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, அந்தக் கார் எப்போது நடுரோட்டில் நிற்கும் என்று ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஆவலோடு காத்திருந்தார்கள். கார் அவர்களை ரொம்ப நாள் காக்க வைக்கவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். நாங்கள் இருந்தது மலைமேல், ராகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம்; அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்ததோ கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். காலை பஸ் பள்ளிக்கூட மணி அடித்து அரைமணி நேரம் கழித்துத்தான் அங்கே போய்ச் சேரும். பெரிய டீச்சர் இரண்டு முறை முகம் சுளித்துவிட்டார். ஒன்று, அங்கேயே யார் வீட்டிலாவது தங்கவேண்டும், இல்லாவிட்டால் கார். அத்தை யாரையும் கேட்காமல் கார் ஓட்டப் பழகி, ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கிக்கொண்டு வந்து கோயிலடியில் நிறுத்திவிட்டாள். எனக்கும் தம்பிக்கும் தலைகால் புரியவில்லை. முதல் ஒரு வாரம் அந்தக் காரைத் துடைப்பதற்காக நாங்கள் போட்ட சண்டையில் அது உண்மையிலேயே பளபளவென்று ஆனது.

இரண்டாவது வாரம், எங்களையும் ஏற்றிக்கொண்டு போனபோது, கந்தப்பளை ஏற்றத்தில் முன்பக்கத்திலிருந்து ஆவி பறந்தது. கார் நின்றது. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்காமார் கூடையோடு இறங்கி வந்து சுற்றி நின்று, “ஐயோ டீச்சர், அடுப்ப உள்ளுக்கா வச்சிருக்கீங்க?” என்று கேட்டார்கள். அத்தையும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். ஆனால் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. “புள்ளைங்கள வச்சிக்கிட்டு அந்த வளைவுல நின்னிருக்க. இன்னொரு தடவ கொதிச்சிச்சின்னா சாவிய எங்கிட்ட குடுத்துரு. வித்துருவோம். நீ அங்கயே தங்கிப் படிச்சிக் குடு” என்றார். இதை வீட்டுக்குள் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. இஸ்தோப்புத் திண்ணையில் நின்று, லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். காரை வாங்கிக்கொள்ள ராகலையில் ஒரு மரக்கறி வியாபாரி தயாராகவே இருந்தார்.

கார் போனால் அத்தையும் போய்விடுவாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. இரவில் என் தலையைக் கோதிக்கொண்டே கதை சொல்ல அத்தை இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

டவுனிலிருந்து வந்த மெக்கானிக்கை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எஞ்சினைத் திறந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பித்தளைச் சாமானை வெளியே எடுத்தார். அதுதான் தெர்மோஸ்டாட். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தண்ணீர் போகும் வழியில் அது உட்கார்ந்திருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்கும். தண்ணீர் சூடேறியதும் வாயைத் திறந்து வழிவிடும். எங்கள் கார் தெர்மோஸ்டாட் துருப்பிடித்து, மூடிய வாய் மூடியபடியே இறுகிப்போயிருந்தது. எத்தனை டிகிரியில் திறக்க வேண்டும் என்று அதன்மேல் அச்சடித்திருந்த எண்ணும் அழிந்திருந்தது.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. அத்தை நுவரெலியாவுக்குப் போய், கடையில் காரின் மாடலைச் சொல்லி, புதிதாக ஒன்று வாங்கி வந்தாள். அதில் 82 என்று போட்டிருந்தது. பாஸ் வேறொரு வண்டியிலிருந்து கழற்றியது என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் 95.

“அண்ணே, இது பெரிய நம்பர். பெரிய சூடு தாங்கும்” என்றார் பாஸ், அப்பாவைப் பார்த்து. காருக்குச் சொந்தக்காரி பக்கத்தில் நிற்பது அவர் கண்ணில் படவே இல்லை.

“அதான் சரி. ஏத்தத்துல போற வண்டிக்குப் பெரிய நம்பர்தான் வேணும்” என்றார் அப்பா. அப்பா தோட்டத்துத் தேயிலைப் பேக்டரியில் கொழுந்தைச் சூட்டில் உலர்த்தும் ட்ரையரில் வேலை செய்பவர். சூடு என்ற விஷயத்தில் எங்கள் லயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கூடி நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

“தாங்குறதுக்கு இல்ல அண்ணே, தொறக்குறதுக்குத்தான் நம்பர். தொண்ணூத்தஞ்சு வரைக்கும் தொறக்காம இருந்தா நம்ம பழைய எஞ்சின் அதுக்குள்ள கொதிச்சிரும்” என்று அத்தை எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். யாரும் காது கொடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் கொடுக்கவில்லை. பரீட்சையில் எண்பத்திரண்டு எடுத்தவனையும் தொண்ணூற்றைந்து எடுத்தவனையும் பக்கத்தில் நிறுத்தினால் யார் கெட்டிக்காரன் என்று ஒரு டீச்சருக்கே தெரியவில்லையே என்று எனக்கு அத்தைமேல் வருத்தம்தான். தம்பி அத்தை கட்சி. அதனால் அவனோடும் எனக்குச் சண்டை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாஸ் 95ஐ மாட்டுவதற்காகக் காலையிலேயே வந்துவிட்டார். அத்தை சண்டை போடவில்லை. சிரித்த முகத்தோடு, எல்லாருக்கும் கேட்கும்படி, “சரி அண்ணே, எதுக்கு வாக்குவாதம்? ரெண்டையும் கொதி தண்ணில போடுவோம். எது வாயத் தொறக்குதோ அத மாட்டுவோம். ரெண்டும் தொறந்தா நீங்க சொன்னதே இருக்கட்டும்” என்றாள்.

இதைவிட நியாயமான பேச்சு இருக்க முடியாது என்று பாஸுக்கே பட்டது. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, “சரி, பானைய வையி” என்றார்.

பானை என்றால் அம்மாவின் சோற்றுப் பானை. “எஞ்சின் சாமான என் பானையில போட்டு அவிப்பீங்களா?” என்று அம்மா பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் குளிக்கத் தண்ணீர் வைக்கும் அலுமினியச் சட்டி கிடைத்தது. வாசலில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். அத்தை இரண்டு தெர்மோஸ்டாட்டின் வாயையும் திருப்புளியால் நெம்பி, ஆளுக்கொரு நூலைக் கடிக்கக் கொடுத்தாள். நூல்களை ஒரு கம்பில் கட்டி, தண்ணீருக்குள் தொங்கவிட்டாள். வாய் திறந்தால் நூலை விட்டுவிட்டு விழும். அவ்வளவுதான் பரீட்சை.

லயமே கூடிவிட்டது. யாரோ ரொட்டி சுட்டுக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டு, மாவுக் கையோடு வந்திருந்தார்கள். ஓர் அண்ணன் கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்ல ஆரம்பித்தார். தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழ் வந்தது. சட்டியின் ஓரம் சலசலத்தது. திடீரென்று ‘டொக்’ என்று ஒன்று சட்டியின் அடியில் விழுந்தது.

நான் எம்பிப் பார்த்தேன். விழுந்தது 82. என்னுடையது கம்பீரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. “நான் ஜெயிச்சிட்டேன்!” என்று கத்திக்கொண்டு குதித்தேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விழுந்ததுதான் ஜெயித்தது என்று தம்பி விளக்கியபோது என் முகத்தில் ஈயாடவில்லை.

அப்பா தானே குனிந்து இரண்டு கட்டை விறகை அடுப்புக்குள் தள்ளினார். “நல்லா கொதிக்கட்டும். தொண்ணூத்தஞ்சுக்கும் நேரம் குடுக்கணுமில்ல” என்றார். நான் நன்றியோடு அவரைப் பார்த்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. சட்டி ஆடியது. ஆவியில் எதிரே நின்றவர்களின் முகம் தெரியவில்லை. அம்மா இரண்டு தடவை வந்து, “இன்னுமா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். தொண்ணூற்றைந்து நூலைக் கடித்தது கடித்தபடியே தொங்கியது.

“செத்துப்போச்சு” என்றார் பாஸ், சங்கடத்தோடு. “நேத்து நல்லாதான் இருந்திச்சி.”

“என்னா பாஸ், செத்ததயா எங்க தலையில கட்டப் பாத்தீங்க?” என்று அப்பா அவர் முதுகில் தட்டிச் சிரித்தார். பாஸும் சிரித்துவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது. அத்தை என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “விடுடி, கூடுதலா மார்க் எடுத்தவன் எல்லாம் கேட்ட நேரத்துல வாயத் தொறந்துருவானா?” என்றாள்.

மத்தியானத்துக்குள் எண்பத்திரண்டை மாட்டி, எல்லாரும் ஏறிக்கொண்டோம். முன்சீட்டில் அப்பா, மடியில் ஒரு தண்ணீர்க் கேனோடு. பின்னால் அம்மாவும் நாங்களும். கந்தப்பளை ஏற்றம் வந்தது. எங்கள் கண் எல்லாம் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளின் மேல். முள் பாதி வரைக்கும் ஏறி, அங்கேயே சமத்தாக உட்கார்ந்துவிட்டது. போன தடவை நின்ற வளைவைத் தாண்டினோம். தம்பி கைதட்டினான். அம்மா சாமி பேரைச் சொன்னாள். மேலே ஏறியதும் அத்தை ஹாரனைத் தேவையில்லாமல் மூன்று முறை அடித்தாள். அந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு பொங்குகிறது. கார் விற்பனைக்கு இல்லை என்று மரக்கறி வியாபாரிக்கு அன்றைக்கே ஆள் அனுப்பியாயிற்று.

பள்ளியின் கடைசி வகுப்பில், உயர்தரம் படித்தபோது, ஒருநாள் பௌதிக வகுப்பில் ஆசிரியர் சொன்னார்: உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், நம் பக்கத்தில் தொண்ணூற்று நான்கு டிகிரியைத் தாண்டாது, எவ்வளவு விறகு வைத்தாலும் அவ்வளவுதான். நான் வகுப்பில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆசிரியர் வெளியே நிற்க வைத்தார். வெளியே நின்றும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அத்தையைக் கேட்டபோது அவள் கதவைச் சாத்திவிட்டு, “அப்பாகிட்ட சொல்லித் தொலைச்சிராத. மனசு நொந்துரும்” என்றாள். அந்தத் தொண்ணூற்றைந்து சாகவே இல்லை. கீழே கடலோரத்தில், கொழும்பில் கொதிக்கும் தண்ணீரில் போட்டிருந்தால் பாவம், அழகாக வாயைத் திறந்திருக்கும்.

பத்து வருஷத்துக்கு மேல் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினேன். அப்பா வேலையிலிருந்து நின்ற பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் வாய்தவறிவிட்டது.

“பேக்டரி தெர்மாமீட்டர வருசா வருசம் கொதி தண்ணில வச்சித்தான் சரி பாப்போம். தொண்ணூத்து நாலுக்கு மேல ஏறி நான் கண்டதே இல்ல” என்றார்.

“அப்ப ஏன்பா ஒன்னும் சொல்லல?”

“அவ சொன்னதுதான் சரின்னு சட்டி வைக்கிறதுக்கு மொத நாள் ராத்திரியே எனக்கு விளங்கிருச்சி. லயத்துக்கு முன்னால சொன்ன பேச்ச எப்படிடி திருப்பி எடுக்கிறது? அவளே ஒரு சட்டிய வச்சி வழி காட்டுனா. அத்தைகிட்ட சொல்லிராத. என்னைய ஏமாத்திட்டதா நெனச்சி இன்னும் சந்தோசமா இருக்கா.”

ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? அப்பா எல்லார் முன்னாலும் தோற்றுப்போனார் என்பது தெரிந்தது. தோற்றவர் அன்று இரவு ஏன் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்பதுதான் விளங்கவில்லை.