நின்ற பிறகு ஒரு முழம்

இது இட்டுக்கட்டியது இல்லை, கண்ணுகளா. நடந்தது. நடந்த இடம் எண்ணூர் சாலையில் இன்றும் இருக்கிறது. யாருக்கு நடந்ததோ, அவளும் இருக்கிறாள். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று பகலில் தைரியமாகத் திரிகிறீர்களே, உங்களுக்காகத்தான் சொல்கிறேன். கிட்டே வந்து உட்காருங்கள். இது நடந்தது உச்சி வெயிலில்.

சங்கமித்ரா வியாசர்பாடிப் பெண். கப்பலில் வரும் நிலக்கரியைக் குவித்துவைக்கும் ஒரு யார்டில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. கரியை இழுத்துப் போகும் நீள ரப்பர் பெல்ட்டை அங்கே ஒரு பழைய சர்வர்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாங்கிய பெட்டி. அதில் இருந்தது நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிற சிப் இல்லை. ரிஸ்க் என்று வேறொரு வகை. பெரிய பெரிய கட்டளைகளையெல்லாம் கழித்துவிட்டு, குட்டிக் குட்டிக் கட்டளைகள் கொஞ்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். ஒன்றை முடிப்பதற்குள் அடுத்ததைக் கையில் எடுத்துவிடும். அந்தக் காலத்தில் அதற்கு அப்படி ஒரு வேகம் வந்ததே அதனால்தான்.

வேகத்தோடு ஒரு பழக்கமும் வந்தது. 'இதை விட்டுவிட்டு அந்த வரிக்குத் தாவு' என்று சொன்னால் உடனே தாவாது. அடுத்த வரிதான் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதே! அதையும் ஒரு தடவை செய்துவிட்டுத்தான் தாவும். அதற்காகவே, தாவச் சொல்லும் வரிக்குப் பின்னால் 'சும்மா இரு' என்று ஒரு வெற்று வரியை எழுதிவைப்பார்கள்.

சங்கமித்ராவுக்கும் அது தெரியும். ஒரு நாள் அவசரத்தில் மறந்துவிட்டாள். அவள் செய்தது அவ்வளவுதான்.

பெல்ட் ஓரமாக நெடுக ஒரு கயிறு போகும். அதை இழுத்தால் பெல்ட் நிற்க வேண்டும். அவள் திருத்திய இடத்தில் 'கயிறு இழுபட்டால் தாவு' என்ற வரிக்கு அடுத்த வரி, 'ஓட்டு'. நின்ற பெல்ட்டுக்கும் அது ஒரு தடவை போய்விடும். மோட்டாரைக் கழற்றிவிட்டுச் சோதித்தாள். திரையில் 'நின்றது' என்று வந்தது. சரி என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பெல்ட்டில் வேலை பார்க்கும் குணசேகரன், உருளையில் சிக்கிய கல்லை எடுக்கக் கயிற்றை இழுத்தான். பெல்ட் நின்றது. கையை உள்ளே விட்டான். நின்ற பெல்ட் இன்னும் ஒரு முழம் ஓடி, அப்புறம் நின்றது.

குணா பிழைக்கவில்லை.

கன்ட்ரோல் ரூமில் இருந்த பிரகாஷ்தான் பார்க்காமல் ஸ்டார்ட் பட்டனை அமுக்கிவிட்டான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். பிரகாஷும் குணாவும் ஒரே தெரு, ஒரே தட்டில் சாப்பிட்ட தோஸ்துகள். பிரகாஷை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். சங்கமித்ரா அன்றைக்கே தன் தப்பைக் கண்டுபிடித்தாள். வெற்று வரியைச் சொருகினாள். வாயை மூடிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே இரண்டு மாதம் போய்விட்டது.

அப்புறம் அந்த நாள் வந்தது. புது மெஷின் வைக்கிறார்கள். பழைய சர்வர் காயலான் கடைக்குப் போகிறது. தப்பு வரி இருந்த பழைய பிரதி அதன் டிஸ்கில் மட்டும்தான் இருந்தது. பெட்டி போனால் எல்லாம் போச்சு. பிரகாஷுக்கு விசாரணையும் அன்றைக்குத்தான், மூன்று மணிக்கு.

காலையில் அவனே போன் பண்ணினான்.

"அக்கா, நான் அமுக்கினேனா இல்லியான்னு எனக்கே இப்ப தெர்ல. எல்லாரும் சொல்றாங்கோ. அப்ப அமுக்கித்தான் கீறேன் போல. இன்னிக்கி ஒத்துக்கினு கையெழுத்து போட்டுர்றேன். தூக்கமே இல்லக்கா, பேஜாரா கீது."

"சாப்ட்டியாடா?" என்றாள் சங்கமித்ரா. போனை வைத்துவிட்டாள்.

மத்தியானம் யார்டு முழுக்க மெயின் கரண்டை நிறுத்திவிட்டார்கள். சர்வர் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தண்டையார்பேட்டை காயலான் கடை ஹபீபுல்லா பாய், பெட்டியை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, எங்க வூட்டம்மா சாபிராவோட பீரோ கணக்கா கனக்குது! உள்ள இன்னா, கல்லா கீது?"

"கரித்தூள்தான் பாய். நீங்க வண்டிகிட்ட இருங்க. நிறுத்திட்டுக் கூப்புடறேன்."

"சீக்கிரம்மா. பிரியாணி ஆறிடும்."

அவர் போய்விட்டார். மணி பன்னிரண்டு நாற்பது. சங்கமித்ரா நிறுத்தும் கட்டளையைத் தட்டினாள். திரை இருண்டது. விசிறி மெதுவாகி, முனகி, நின்றது. வயரையும் பிடுங்கினாள். முப்பது வருஷம் ஓடிய பெட்டி. அறையில் ஒரு சத்தமில்லை.

டக்.

கீபோர்டில் ஒரு பொத்தான் இறங்கி ஏறியது. அவள் இரண்டு கையிலும் வயர் இருந்தது.

சூட்டில் பிளாஸ்டிக் தெறித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். நீளமான தாழ்வாரம். ஜன்னல் வழியாக வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. நடந்தாள். செருப்புச் சத்தம் அவளுடையதுதான். பாதி வழியில் நின்றாள்.

பின்னால்... ஒரு அடி.

ஒன்றே ஒன்று. அவள் நின்ற பிறகு.

மறுபடி நடந்தாள். நின்றாள்.

ஒரு அடி. முன்னைவிடக் கிட்டத்தில்.

கிரீஸ் வாசனை அடித்தது. குணாவின் சட்டையில் எப்போதும் அடிக்கும் வாசனை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக்... டக்... டக்... வலப்பக்கம் இருந்த கன்ட்ரோல் ரூமிலிருந்து. பூட்டு தொங்கியது. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பிரகாஷின் நாற்காலி காலி. மேஜையில் ஒரு பட்டன் தானாக அமுங்கி, தானாக எழுந்தது. யாரோ கட்டைவிரலால் அமுக்குவதுபோல... விடாமல்... கெஞ்சுவதுபோல...

பச்சை இல்லை.

சிவப்பு. ஸ்டாப்.

பிரகாஷ் அன்றைக்கு அமுக்கியதும் அதைத்தான்.

வெளியே வெயிலில், மின்சாரமே இல்லாத பெல்ட், சர்ரென்று ஒரு முழம் நகர்ந்து நின்றது.

அவள் பிடரியில் மூச்சுப் பட்டது.

சில்லென்று.

அவள் திரும்பவில்லை.

"நான்தான்..." என்றாள். "அவன் அமுக்கல குணா. நான் எழுதுன வரி. நான்தான். இன்னிக்கே சொல்லிர்றேன்."

டக், பாதியில் நின்றது.

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு ஐம்பது. அவள் நடந்தாள். வாசல்படியில் நின்றாள். காத்திருந்தாள்...

பின்னால் அடி விழவில்லை.

"பாய், பொட்டி வராது" என்றாள்.

"இன்னாம்மா, என்னைப் பாத்தா காமெடியா கீதா? பிரியாணிய வுட்டுட்டு வந்து..." என்று ஆரம்பித்த ஹபீபுல்லா அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "மொதல்ல குந்து. தண்ணி குடி. பொட்டி எங்க ஓடிடப் போவுது?"

மூன்று மணிக்கு விசாரணை அறையில் சங்கமித்ரா எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டியை ஓட்டி, பழைய வரியையும் காட்டினாள். அவளுக்கு வேலை போயிற்று, கேஸ் வந்தது. அதெல்லாம் நடக்க வேண்டியதுதானே. ஆனால் அன்றைக்குப் பிரகாஷ் வரவேயில்லை. சாயங்காலம் நேராகக் காலடிப்பேட்டைக்கு, அவன் வீட்டுக்கே போனாள்.

உள்ளே பிரகாஷ் சுவரைப் பார்த்துப் படுத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி மதி கதவை ஒருக்களித்துவிட்டு வெளியே வந்தாள்.

"மதி, பிரகாஷ் மேல தப்பு இல்ல. நான் வந்து..."

"தெரியும்கா. அவருக்கு மத்தியானமே தெரியும்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. சோறுகூட துன்னாம படுத்தாரு. தூக்கத்துல கட்டவெரலால கட்டிலு சட்டத்த அமுக்கிகினே கெடந்தாரு, டக்கு டக்குன்னு. திடீர்னு வுட்டாரு. எழுந்து குந்திகினு, 'மித்ராக்கா சொல்லிட்டாங்கடி'ன்னு ஒரே அழுவ. மணியப் பாத்தேன். ஒண்ணுக்குப் பத்து நிமிசம் கீது. அப்ப படுத்தவருதான், ரெண்டு மாசத் தூக்கத்தயும் தூங்கறாரு."

சங்கமித்ரா ஒருக்களித்த கதவு வழியாக உள்ளே பார்த்தாள்.

மதி குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணும் சொன்னாருக்கா. உங்ககிட்ட சொல்லலாமா கூடாதான்னு..."

"சொல்லும்மா."

"குணா உங்க பின்னாடியே நின்னுகினு இருந்தானாம். நல்லா கீற கைய உங்க கழுத்துகிட்ட கொண்டாந்துட்டானாம். நீங்க பேசுன அப்புறம்தான் கைய எறக்குனானாம்... நீங்க திரும்பிப் பாக்கவே இல்லியாமே?"

"இல்ல."

"அதான் நல்லதுன்னாரு."