ஒயினுக்குப் பொருந்திய கறி

உத்திரமேரூர் கோயில் கல்வெட்டுகளைப் படிக்க பிரான்சிலிருந்து ஒரு மேடம் வந்து மூன்று மாதம் தங்கினார். அவருக்குச் சமைத்துப் போட்டது நான். வீட்டை வாடகைக்கு விட்ட ஓனரம்மா மாடியில் இருந்தார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "மீனு, கோயி, ஆடு, இன்னா வேணா ஆக்கு. மாடு மட்டும் எங்க வூட்டு அடுப்புல ஏறக்கூடாது." மேடத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

மேடம் தன் ஊரிலிருந்து இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின் கொண்டுவந்திருந்தார். போர்தோ என்ற ஊர்ப் பக்கம் செய்வதாம். ஒரு வெள்ளிக்கிழமை ஒன்றைத் திறந்து எனக்கும் கொஞ்சம் ஊற்றினார். எங்கள் சர்ச்சில் தரும் திராட்சரசம் மாதிரி தித்திக்கும் என்று குடித்தேன். பாக்கு மென்றது போல வாய் இழுத்துக்கொண்டது. அவர் சிரித்தார். "இது தனியே அருந்துவதற்கு அன்று, அக்கா. உணவோடு சேர வேண்டும்." அவர் தமிழ் புத்தகத்தில் கற்றது.

திறந்த பாட்டிலை மூன்று நாளில் முடிக்க வேண்டுமாம். அன்றைக்கு சாம்பார். ஒயின் வெறும் புளிப்பாகிவிட்டது. சனிக்கிழமை ஏரி மீன் குழம்பு. ஒரு வாய் குடித்துவிட்டு, "கத்தியை நக்கியது போல் இருக்கிறது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானே அவரை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். எங்கள் தெருவில் மாட்டுக்கறிக்குப் பெரிய கறி என்று பெயர். புளிப்பைக் குறைத்து, மிளகு தூக்கலாக, கொழுப்போடு இரண்டு மணி நேரம் வேகவிட்டேன். மேடம் ஒரு துண்டு தின்று, கையோடு கொண்டுவந்த ஒயினில் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடிக்கொண்டார். நானும் குடித்துப் பார்த்தேன். துவர்ப்பு போன இடம் தெரியவில்லை.

"இன்னா மேடம், சோடா ஊத்தாமயே குடிக்கிறீங்கோ?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மேடத்துக்குப் புரை ஏறும் அளவு சிரிப்பு. என் கறிக்கு ஒருவர் கண்ணை மூடியதை நினைத்து அன்று முழுக்கப் பெருமையாக இருந்தேன்.

திங்கட்கிழமை ஓனரம்மா கீரை கொடுக்கக் கீழே வந்தார். மேடம் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்த காலி பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இத்த எதுகூட மேடம் சாப்டுவீங்கோ?" என்றார்.

"மாட்டிறைச்சிதான் உகந்தது. நேற்று அக்கா சமைத்தார்கள். அற்புதம்!"

ஓனரம்மா திரும்பி என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. 'எங்க வூட்லதான் ஆக்கினேன்' என்று சொல்லியிருந்தால் போதும். அதுதான் உண்மை. அவர் அடுப்பில் நான் எதையும் ஏற்றவில்லை. ஆனால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வாய் வேறு சொன்னது.

"ஐயே, மாடா? எங்க வூட்ல அந்தப் பயக்கமே இல்லம்மா."

மேடம் என்னையே பார்த்தார். பிறகு ஓனரம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "மன்னிக்க வேண்டும். ஆட்டைத்தான் மாடு என்று சொல்லிவிட்டேன். என் தமிழ் தவறிவிட்டது."

ஆயிரம் வருஷத்துக் கல்லெழுத்தை விரல் வைத்துப் படிப்பவர், எனக்காக, ஆட்டுக்கும் மாட்டுக்கும் பெயர் தெரியாதவராக நின்றார். நான் மாடிப்படிக்குப் பக்கத்துக் குழாயடியில் சட்டியைத் தேய்க்கப் போய்விட்டேன்.

ஓனரம்மா மாடிப்படி ஏறும்போது என் பக்கம் குனிந்து சிரித்தார். "உங்க தெரு எனுக்குத் தெரியாதா? நான் ஒண்ணும் கேக்கலியே, மே. நீயா ஏன் சொன்ன?"

வேலை போகவில்லை. மேடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டாவது பாட்டிலைத் திறந்த வாரம் ஆட்டுக்கறி கேட்டார். ஆக்கிக் கொடுத்தேன். "இதுவும் பொருந்துகிறது, அக்கா" என்றார். எனக்கு ஊற்ற வந்தபோது வேண்டாம் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் காலையிலேயே பெரிய கறி வாங்கி வந்து, "மேடத்த கூப்புடலியா?" என்றார். மேடத்துக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். கூப்பிட்டால், என்ன ஆக்குகிறேன் என்று மேடத்திடம், அந்தப் பழக்கமே இல்லை என்ற இதே வாயால் சொல்ல வேண்டுமே.