பனிவண்டிக்கு நான் பூட்டிய சைலன்சர்

போன கிழமை கனடாவிலிருந்து என் தங்கையின் மகன் குரல்செய்தி அனுப்பியிருந்தான். பனியில் ஓடும் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறானாம். அதோடு வந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, கடையில் தனியாக விற்கும் வேறொன்றைப் பூட்டப் போகிறானாம். "மாமா, சைலன்சர் மாத்தினா எஞ்சினையும் டியூன் பண்ண வேணுமோ? கடைக்காரன் தேவையில்லை எண்டுறான். சும்மா பூட்டிட்டு ஓடலாமாம்."

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கையைக்கூடத் துடைக்காமல் பதில் அனுப்பினேன். ஒன்றல்ல, ஏழு. "டேய், கம்பனிக்காரன் பெற்றோல் அளந்து விட்டது அந்தப் பழைய சைலன்சருக்கு. புகை லேசா வெளியாலை போனா காத்து உள்ளுக்கை கூட வரும். அதுக்கேத்த பெற்றோல் வராட்டி எஞ்சின் சூடேறிச் செத்துப்போம். பின்னாலை பூட்டிற சின்னச் சாமான் சிலதுக்குத் தேவையில்லாமலும் இருக்கலாம். ஆனால் அதைக் கடைக்காரன் சொல்லக் கூடாது, செய்தவன் எழுத்திலை தர வேணும். கேக்காமல் ஏறினியெண்டா கொம்மாட்டைச் சொல்லுவன்!" ஏழாவதைக் கேட்டுவிட்டு அவன் பயந்துபோனான். "என்ன மாமா, ஒரு சைலன்சருக்குப் போய் இப்பிடிக் கோவிக்கிறியள்?"

அவன்மேல் எனக்கு என்ன கோபம்? கீரையை அப்படியே போட்டுவிட்டுப் பல்கனியில் முன்னும் பின்னும் நடந்தேன். எனக்கு மனம் குழம்பினால் கால் நிற்காது, அது பிறவிக் குணம். கீழே ஒரு ஸ்கூட்டர் போனது. மின்சாரத்தில் ஓடுவது. சத்தமும் இல்லை, மணமும் இல்லை.

தொண்ணூறுகளில் நீங்கள் இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு வந்திருந்தால் இந்த ஊரை முதலில் மூக்கால்தான் அறிந்திருப்பீர்கள். பொரித்த கத்தரிக்காய், மீன், அவற்றுக்கு மேலே எரிந்த எஞ்சின் ஒயில். சின்ன ஸ்கூட்டர்கள் எல்லாம் பெற்றோலோடு ஒயிலைக் கலந்து குடித்துவிட்டு நீலப்புகை விட்டுக்கொண்டு போகும். வந்திறங்கிய நாள் அந்தப் புகையை நெஞ்சு நிறைய இழுத்தேன். எனக்கு அழுகை வந்தது. நானும் புகையிலிருந்து வந்தவன்தான், என்னுடையது மண்ணெண்ணெய்ப் புகை.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் கண்ணுக்குத் தெரியாத பொருளாகிவிட்டது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஊசிமருந்துப் போத்தலில் இரண்டு சொட்டுப் பெற்றோல் வைத்திருப்போம். அதைக் காபரேட்டருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். அந்தக் காலத்தில் நான் ஊரில் ஓர் ஆள். காபரேட்டருக்குள் ஜெற் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கும், நடுவில் ஊசித் துவாரம். எஞ்சினுக்குப் போகும் எண்ணெய் முழுவதும் அதற்குள்ளால்தான் போகவேண்டும். மின்வயரிலிருந்து ஒரு செம்புத் தும்பை உருவி அந்தத் துவாரத்துக்குள் செருகிவிட்டால் எண்ணெய் குறையும், அதே போத்தலில் இன்னும் இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், கூட ஓடலாம். இதற்காகவே என்னைத் தேடி வருவார்கள். வாத்திமார் வந்தார்கள், ஒரு டொக்டரும் வந்தார். எனக்குத் தலைக்கனம் வந்ததில் என்ன ஆச்சரியம்?

அந்தத் தலையோடுதான் பலெர்மோவுக்கு வந்து, பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா வீட்டில் வெள்ளிக் கரண்டி மினுக்கினேன். எஞ்சின் பிடித்த கையில் சேர்ட்டுக்கு அயன் பிடித்தேன். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் எனக்கென்று இருந்தவை. வியாழன் இரண்டு மணி அடித்ததும் ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரேத்தோவுக்கு ஓடுவேன். அங்கே நாங்கள் ஐந்து பேர் ஓர் அறையில் இருந்தோம். அறைக்குக் கீழே முற்றம். முற்றத்தில் தொன் பீனோ என்ற கிழவரின் பட்டறை. அந்தப் பகுதி இளசுகளின் ஸ்கூட்டர்களுக்குப் பெருஞ்சத்தச் சைலன்சர் பூட்டிக் கொடுப்பதுதான் அவருடைய பிழைப்பு. சைலன்சரை இங்கே மர்மித்தா என்பார்கள். ஒரு மூலையில் என்னையும் நட்டுக் கழற்றும் சாவி பிடிக்க விட்டிருந்தார்.

அந்த ஐந்து பேரில் ஒருவன் சூசை. மன்னார்ப் பிள்ளை. என் வயதுதான், ஆனால் என்னைப்போல் பதறமாட்டான். மதோனியே மலையில் ஒரு விடுதியில் அவனுக்கு வேலை கிடைத்தது. சமைப்பது, கழுவுவது, விறகு பிளப்பது எல்லாம் அவன்தான். குளிர்காலத்தில் கடைசி ஐந்தாறு கிலோமீற்றர் பாதை பனியில் மூடிவிடும். அப்போது பாணும் காஸ் சிலிண்டரும் பனிவண்டியில்தான் மேலே போகும். அதையும் சூசைதான் ஓட்டினான். தினமும், தனியாக, காட்டுக்குள்ளால். கடல்கரையில் பிறந்தவன், பனியை முதல்முதலாகப் பார்த்ததே அங்கேதான். வண்டி வழியில் நின்றால் கூப்பிட ஆளில்லை. கைத்தொலைபேசி எங்களிடம் இருக்கவில்லை. அந்த எஞ்சின் ஓடினால் அவன் இருப்பான், அவ்வளவுதான் கணக்கு.

வண்டியின் சைலன்சர் துருவேறி உக்கிப்போனதும் விடுதி முதலாளி எங்கிருந்தோ புதிதாக ஒன்று எடுப்பித்தார். பளபளவென்று, வயிறு வீங்கிய குழாய். பூட்ட ஆள் வேண்டும். சூசை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறான், "என்ரை மச்சான் இருக்கிறான். எஞ்சின் எண்டா அவனுக்குப் பேசும்."

மார்கழி தொடக்கத்தில் ஒரு வியாழன் அந்த வண்டி சின்ன லொறியில் ஒரேத்தோ முற்றத்தில் வந்து இறங்கியது. அன்று ஆபிரிக்காவிலிருந்து சூட்டுக்காற்று அடித்தது. காயப்போட்ட படுக்கை விரிப்புகளின் நடுவே, வியர்வை வழிய வழிய நாங்கள் பனிவண்டியைச் சுற்றி நின்றோம். மேல்மாடிப் பெண் எட்டிப் பார்த்து, "இதென்ன, படகா?" என்று கேட்டாள்.

பூட்டுவது ஒரு மணிநேர வேலை. முடியும்போது தொன் பீனோ வந்தார். குழாயைத் தட்டிப் பார்த்தார். தன் மேசை லாச்சியில் தேடி ஒரு ஜெற்றை எடுத்து வந்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். பெரிய துவாரம் உள்ளது. "இந்த மர்மித்தாவுக்கு இதைப் போடு. எஞ்சின் கூடக் குடிக்கும். குடிக்கக் கொடுக்காவிட்டால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கிழவர் எனக்குப் படிப்பிக்கிறாரா? மண்ணெண்ணெயில் ஒரு குடாநாட்டையே ஓட்டியவன் நான்! இவர்களுக்குப் பெற்றோல் குழாய்த் தண்ணீர் மாதிரி. சிரித்துக்கொண்டு, "கிராட்ஸியே, தொன் பீனோ" என்று நன்றி சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அவர் போனதும் நான் செய்ததைக் கேளுங்கள். பெரிய ஜெற் போடவில்லை. பழைய ஜெற்றையும் சும்மா விடவில்லை. பெற்றோல் கானைக்கூடச் சூசைதானே மேலே இழுக்கவேண்டும், பாவம், அவனுக்குச் சுமை குறையட்டும் என்று ஒரு செம்புத் தும்பை உருவி ஜெற்றுக்குள் செருகினேன். முழுக்க முழுக்க அன்பினால் செய்த வேலை. எஞ்சின் கூடக் கேட்கும் இடத்தில் நான் குறைத்தேன்.

பின்பக்கத்தைக் கட்டைமேல் தூக்கி வைத்து முறுக்கினோம். என்ன சத்தம்! முற்றமே அதிர்ந்தது. சுமையில்லாமல் எந்த எஞ்சினும் நன்றாகத்தான் ஓடும் என்பது அந்த மகிழ்ச்சியில் எனக்கு நினைவு வரவில்லை. "பாத்தியே மச்சான்," என்றான் சூசை, "குதிரை!"

பிழை உடனே தெரிந்திருந்தால் நல்லது. மலையில் காற்று மெலிது, அதனால் குறைந்த பெற்றோலும் கொஞ்சக் காலம் சமாளித்தது. சூசை ஒவ்வொரு வியாழனும் நாலு மணிக்கு எங்கள் தெருமுனைக் கோப்பிப் பாருக்குப் போன் எடுப்பான். "நல்லா ஓடுது. பெற்றோலும் குடிக்கேல்லை. நீ பெரிய ஆளடா." நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நெளிவேன்.

மாசியில் மலையில் கடுங்குளிர் விழுந்தது. குளிர் கூடினால் காற்றுத் தடிக்கும், எஞ்சின் இன்னும் பெற்றோல் கேட்கும். அந்த வியாழன் நாலு மணிக்குப் போன் வரவில்லை. நாலரைக்கும் வரவில்லை. மூன்று கோப்பி குடித்தேன். பாரிலிருந்து முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து பாருக்கும் எத்தனை தரம் நடந்தேனோ தெரியாது. விடுதிக்கு அடித்தால் லைன் செத்துக் கிடந்தது. "பனிக்கு லைன் அறுந்திருக்கும், நீ ஏன் விசரன் மாதிரி ஓடுறாய்?" என்றார்கள் அறைக்காரர். எனக்குத் தெரியும். லைன் இல்லை, எஞ்சின். கிழவர் நீட்டிய உள்ளங்கை கண்ணுக்குள் நின்றது.

வெள்ளி, சனி சிஞ்ஞோரா வீட்டில் ஒரே கரண்டியைத் திரும்பத் திரும்ப மினுக்கினேன். "நீ நடப்பதைப் பார்க்க எனக்குத் தலை சுற்றுகிறது, உட்கார்" என்று சிஞ்ஞோரா கத்தினாள். உட்கார்ந்தேன், உடனே எழும்பினேன். ஞாயிறு முதல் பஸ் பிடித்து மலையடிவார ஊருக்குப் போனேன். அங்கே பாரில் என் முகத்தைப் பார்த்ததுமே பார்க்காரன் சொன்னான். புதன்கிழமை காட்டைத் தாண்டிய ஏற்றத்தில், இரண்டு சிலிண்டர்ச் சுமையோடு, எஞ்சின் இறுகிப் பிடித்து நின்றுவிட்டது. சூசை நடந்திருக்கிறான். பனிப்புகாரில் வழி பிசகியிருக்கிறது. மறுநாள் காலை வனக்காவலர் கண்டெடுத்தார்கள். கரையோர ஆஸ்பத்திரியில் இருக்கிறான், உயிருக்கு ஆபத்தில்லை. ஐயோ கடவுளே என்று அந்தப் பாரின் நிலத்திலேயே குந்திவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது காலில் குளிரில் விறைத்துக் கருகிய இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். "வா மச்சான். சாப்பிட்டனியோ?" என்றான். நான் காலைப் பார்த்தேன். அவன் என்னைத் தேற்றத் தொடங்கினான். "உன்ரை வேலையாலைதான் தப்பினன். உன்ரை கை படாட்டி அது முன்னமே நடுக்காட்டுக்கை நிண்டிருக்கும். அங்கை நிண்டிருந்தா நான் இல்லை." சொல்லிவிட வாய் திறந்தேன். நேர்ஸ் வந்தாள். மூடினேன். நேர்ஸ் போன பிறகும் நான் திறக்கவில்லை.

பிறகு வண்டி மறுபடி முற்றத்துக்கு வந்தது. திறந்தேன். பிளக் சுண்ணாம்பு வெள்ளை, பெற்றோல் போதாமல் வெந்த நிறம். பிஸ்டனின் தலை உருகி, பக்கமெல்லாம் உராய்ந்து கிழிந்திருந்தது. ஜெற்றுக்குள் என் செம்புத் தும்பு. அதை நான் இழுக்கும்போது பக்கத்தில் தொன் பீனோ நின்றார். பார்த்தார். "மதோன்னா" என்றார், மாதாவே என்று ஒரே ஒரு சொல். பிறகு போய்க் கை கழுவினார், அவர் கையில் அழுக்கே இருக்கவில்லை. முதலாளி சைலன்சர் செய்தவனைத் திட்டினார். நானும் சேர்ந்து தலையாட்டினேன். வெட்கங்கெட்டவன்.

சூசை மலையை விட்டுவிட்டு ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலோர உணவகம் ஒன்றில் இறால் உரித்தான். ஊரிலிருந்து பெண்சாதி வந்தாள், இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். யேசு பிறந்த நத்தார் விருந்துகளில் காலை இழுத்து நடந்து வந்து, என் தோளில் கை போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கதை சொல்லுவான். "இவன் திருத்தித் தந்த எஞ்சின்." சனம் என்னைப் பார்க்கும். நான் இறைச்சித் தட்டைப் பார்ப்பேன். ஒவ்வொரு வருடமும், அடுத்த வருடம் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, பிரஜாவுரிமை கிடைத்த மற்றவர்களைப்போல அவனும் பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் போய்விட்டான். போனில் சொல்லுகிற விஷயமா இது என்று இன்னும் சில வருடங்களைத் தள்ளினேன்.

இரண்டு வருடத்துக்கு முன் சூசை இறந்தான். மாரடைப்பு. செத்தவீட்டைப் போனில் நேரலையாகப் பார்த்தேன். மூத்த மகள் தட்டுத்தடுமாறித் தமிழில் பேசினாள். "அப்பா எப்பவும் சொல்லுவார், பலெர்மோ அங்கிள் அந்த எஞ்சினைத் திருத்தாட்டி நாங்கள் ஒருத்தரும் பிறந்திருக்க மாட்டம் எண்டு." கோயில் நிறைந்த சனம் அதைக் கேட்டு அழுதது.

இப்போது ஒரேத்தோ முற்றத்தில் கார்கள் நிற்கின்றன. தொன் பீனோ எப்போதோ போய்விட்டார். பாரில் போன் இல்லை, தெருவில் நீலப்புகை இல்லை. அவையெல்லாம் போகட்டும். சூசை இருந்தவரை, என்றைக்காவது ஒரு நாள் சொல்லிவிடலாம் என்று எனக்கு ஒரு நாள் மிச்சம் இருந்தது. அந்த நாளும் இல்லாமல் போய்விட்டது. நத்தாருக்கு நத்தார் அந்தப் பிள்ளை எனக்கு வாழ்த்து அனுப்புகிறாள், "அப்பாவைக் காப்பாற்றிய அங்கிளுக்கு" என்று தொடங்கி. நான் நன்றி என்று பதில் போடுகிறேன்.