ரீத்தாக்காவின் கண்

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத ஆட்டுக்குட்டியின் உடம்பில் ஈரச் சாக்கும் பச்சைப் பாலும் கலந்த ஒரு வாடை இருக்கும்; அந்த வாடை எங்கள் அடுப்பங்கரையில் வீசினால் வாசல் கதவு சாத்திக் கிடக்கிறது என்று அர்த்தம். அறுபதுகளில் சிங்கப்பூரின் ஆங் மோ கியோ என்றால் ரப்பர் மரங்களும் செம்மண் பாதையும் அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகளும்தான். அங்கே ஒரு துண்டு நிலத்தில் நாங்கள் ஆடு வளர்த்தோம். அப்பா பாலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்த் தமிழர்கள் நிறைந்த தேக்கா பக்கத்தில் வீடு வீடாக ஊற்றிவிட்டு வருவார். ஆடு குட்டி போட்டதை மட்டும் அம்மா யாரிடமும் சொல்ல மாட்டார். தொப்புள்கொடி காய்ந்து விழும்வரை குட்டிகள் கவிழ்த்த கூடைக்குள் ஒளிந்திருக்கும். அவை கத்தும்போதெல்லாம், வெளியே கேட்காமலிருக்க நான் உரக்க வாய்ப்பாடு சொல்ல வேண்டும்.

எல்லாம் "கண்ணு" பயம்தான். அம்மாவுக்கு எல்லார் கண்மேலும் சந்தேகம். அதிலும் வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த ரீத்தாக்காவின் கண் என்றால் குலைநடுக்கம். ரீத்தாக்கா கைக்குழந்தைக்காரி, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், நல்ல மனுஷி. ஆனால் எதைப் பார்த்தாலும் வாய்விட்டுப் புகழ்ந்துவிடுவார். எங்கள் முருங்கையைப் பார்த்து "எவ்ளோ காய் லா!" என்றார், அடுத்த காற்றில் மரம் முறிந்தது. முந்தின ஈற்றில் பிறந்த வெள்ளைக் குட்டியை "பொம்மை மாதிரி இருக்கே" என்றார். அது மறுநாளே செத்துப்போனது. அம்மா காய்ந்த மிளகாயையும் கல்லுப்பையும் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு, "பாத்தியா, நெடியே வரல" என்றார். நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்பது அம்மாவின் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அந்த மழைக்காலத்தில் எங்கள் செவலை ஆடு இரண்டு குட்டி போட்டது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த சின்னதை அம்மா எனக்கென்றே கொடுத்திருந்தார். பாழாய்ப்போன அந்தக் குட்டிக்குப் பால் குடிக்கத் தெரியவில்லை. தாயின் காம்பு பெருத்துப்போய் அதன் வாய்க்கு அடங்கவில்லை. அம்மா பீய்ச்சித் துணியில் நனைத்து ஊட்டினால் புரையேறியது. எங்கள் பால்புட்டியின் ரப்பரைப் போன ஈற்றுக் குட்டி கடித்துப் பிய்த்திருந்தது. அப்பா இன்னும் தேக்காவிலிருந்து திரும்பவில்லை, பாதையெல்லாம் வெள்ளம். மத்தியானத்துக்குள் குட்டியின் தலை என் மடியில் துவண்டு விழுந்தது. நான் அழுதேன். அம்மா வேலிப் பக்கம் பார்ப்பதும் குட்டியைப் பார்ப்பதுமாக நின்றார்.

கடைசியில் என் காதருகே வந்து, "ரீத்தாகிட்ட போய் பால்புட்டி கேளு. எதுக்குன்னு மட்டும் சொல்லாதே" என்றார்.

கேட்டேன். ரீத்தாக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வூட்டுல ஏது பச்சப்புள்ள? நீயும் நேத்துலேருந்து வாய்ப்பாடு கத்திக்கிட்டே இருக்கே. என்னத்த ஒளிக்கிறீங்க?" என்று கேட்டபடியே புட்டியை எடுத்து, தன் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, மழையில் என்கூடவே வந்துவிட்டார். உள்ளே நுழைந்தவர் நேராகக் குட்டியிடம் போனார். குட்டியின் வாயில் விரலை விட்டுப் பார்த்தார். "சில்லுனு இருக்குக்கா" என்றபடி, தோளில் கிடந்த பிள்ளைத் துண்டில் அதைச் சுற்றி, அடுப்போரம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உடம்பு சூடானதும், அம்மா பீய்ச்சிய பாலைப் புட்டியில் ஊற்றி அதன் வாயில் வைத்தார். குட்டி சப்பியது, கொஞ்ச நேரத்தில் வாலை ஆட்டியது. ரீத்தாக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பொழச்சுக்கும்க்கா! பொட்டு வெச்சுக்கிட்டு எவ்ளோ அழகா இருக்கு லா!" என்றார். அம்மாவின் முகம் வெளுத்தது. போச்சு, என் குட்டி போச்சு என்று நானும் நினைத்தேன்.

அவர் வேலியைத் தாண்டினாரோ இல்லையோ, அம்மா கை நிறைய மிளகாயை அள்ளிக் குட்டியைச் சுற்றி அடுப்பில் போட்டார். அப்பப்பா! கிளம்பியது பாருங்கள் ஒரு நெடி! அம்மா இருமினார், நான் இருமினேன், கூடைக்குள் குட்டிகள் தும்மின. வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது: "அக்கா, என்னமோ கருகுது, பாருங்க!" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல ரீத்தா, தாளிக்கிறேன்!" என்று கத்தினார். பிறகு அடுப்பைக் கிளறிப் பார்த்துவிட்டு, "அவ கண்ணு இல்லடி" என்றார். ஏமாற்றமா நிம்மதியா, அந்தக் குரலில் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் குட்டிகள் குடித்து மிஞ்சிய சீம்பாலை வெல்லம் போட்டு வேகவைத்து, முதல் கிண்ணத்தை ரீத்தாக்காவுக்குக் கொடுத்தனுப்பினார். அதற்காக அம்மா திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். "அப்போ வெள்ளக்குட்டிய யாருடி பாத்திருப்பா?" என்று யோசித்து, அன்றிலிருந்து ரொட்டிக்காரர் சைக்கிள் மணி கேட்டாலே கதவைச் சாத்தினார்.

அடுக்குமாடி வீடுகள் கட்ட அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டது; ஆடுகளும் வேலியும் போய்விட்டன. ரீத்தாக்கா குடும்பம் மார்சிலிங் பக்கம் போனதாகக் கேள்வி. நான் இன்றும் ஆங் மோ கியோவில்தான் இருக்கிறேன், ஏழாவது மாடியில். எங்கள் நிலம் எந்த புளோக்குக்கு அடியில் கிடக்கிறதென்று தெரியாது. பக்கத்து வீட்டு இரும்புக் கேட் எப்போதும் பூட்டியே இருக்கிறது. வாசலில் கிடக்கும் செருப்பை வைத்துத்தான் அங்கே ஆள் இருப்பதைத் தெரிந்துகொள்கிறேன்.

அம்மா இருந்த கடைசி வருஷம், என் பேத்தியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பழக்க தோஷத்தில் நான் மிளகாயும் உப்பும் எடுத்து வந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். தாழ்வாரத்தில் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதுபோல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெச்சிடுடி" என்றார். "யாரு வந்து பாத்தா, சுத்திப்போட?"