மருந்துப் பெட்டியும் மீன் பெட்டியும்

தடுப்பூசி வேலையில் குத்துவது சுலபம். குத்த வேண்டிய குழந்தையைப் பிடிப்பதுதான் உயிரை வாங்கும். ப்ளஸ் டூவோடு படிப்பை விட்டுவிட்டு, நர்ஸ் வசந்தா அக்காவுக்கு மருந்துப் பெட்டி தூக்குகிறேன். கதவு தட்டிப் பிழைப்பவர்களே, உங்களுக்குப் புரியும். கூடுவாஞ்சேரியில் ஒரு மெசேஜ் போட்டால் அம்மாக்கள் வரிசையில் நிற்பார்கள். கடலோரத்தில் வரிசையே கிடையாது.

தாலாட்ட ஆள் தேவை

கோவளத்தில் ஜெரி என்ற குழந்தைக்குத் தட்டம்மை ஊசி தவறிப்போயிருந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளைக்குத் தட்டம்மையே வந்துவிட்டதால் வசந்தா அக்காவுக்குப் பதற்றம். புதன்கிழமை பத்து மணிக்குப் போனோம். அம்மா ஸ்டெல்லா மீன் விற்கப் போயாச்சு. அப்பா அந்தோணி வலையைப் பிரித்தபடியே சொன்னார்: "ஊசி போட்டா ராவெல்லாம் ஜொரம், அழுவாச்சி. நான் விடியறதுக்குள்ள கடலுக்குப் போவணும். நீ வந்து தாலாட்டுவியாம்மே?"

கேட்டில் நின்ற கதை

அங்கிருந்து கேளம்பாக்கம். அடுக்குமாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஐ.டி. குடும்பத்துக் குழந்தைக்கும் அதே ஊசி பாக்கி. இங்கே போடுவார்கள் என்று பழைய ஊரில் விட்டார்கள். அங்கே போட்டிருப்பார்கள் என்று இங்கே விட்டார்கள். வாட்ச்மேன் எங்களை விடவில்லை. "ஆப்ல பர்மிஷன் வரலை. வெளியாளை விட்டா நோய் வந்துரும்மா" என்றார்.

வெயிலில் காய்ந்துகொண்டு நிற்கிறோம், தலையில் மீன் பெட்டியோடு ஒருத்தர் ஜம்மென்று உள்ளே நடக்கிறார். பார்த்தால் ஸ்டெல்லா அக்கா! வசந்தா அக்கா ஓடிப்போய் ஜெரி விஷயத்தைச் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. "பத்து மணிக்கு வந்தா எவ வூட்ல இருப்பா? படகு வர்ற நேரம் கரைக்கு வா. புள்ளயோட அங்கதான் நிப்பேன்" என்றவர், அதே சூட்டில் வாட்ச்மேனிடம் திரும்பினார்: "இன்னா அண்ணாத்த, நாறுற பொட்டிய உடுற, மருந்துப் பொட்டிய உட மாட்டியா?" வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார்; அந்தக் குழந்தைக்கு அன்றே ஊசி போட்டோம்.

கரையில்

அடுத்த புதனுக்குள் ஜெரிக்குத் தட்டம்மை வந்துவிடக் கூடாதே என்று நாளை எண்ணினேன். பத்து மணிக்கு முன்பே போக மேலிடத்தில் கெஞ்சி அனுமதி வாங்கி, அன்று விடிந்ததும் கரைக்குப் போனோம். ஜெரி நன்றாகத்தான் இருந்தான், மணலைத் தின்றுகொண்டு. படகிலிருந்து இறங்கிய அந்தோணி அண்ணன் மடியில் ஸ்டெல்லா அக்கா அவனை உட்காரவைத்தார். ஊசியைப் பார்த்து ஜெரி சிரித்தான். சுறா பிடிக்கிற அவன் அப்பாதான் கண்ணை மூடிக்கொண்டு மணலில் சாய்ந்தார். கரையே சிரித்தது. "ஜொரம், அழுவாச்சின்னதெல்லாம் இதுக்குத்தானாய்யா?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

கடலோரத்தில் ஏன் ஊசி குறைவு என்று மேலிடத்தில் கேட்டபோது, "பத்து மணிக்குப் போனா யாரும் இருக்க மாட்டாங்க" என்றேன்; அதைப் பற்றிப் பேச கோவளத்து அம்மாக்களைக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள், புதன்கிழமை, பத்து மணிக்கு.